தோற்ற அணி அடுத்த வாரமும் ஆடுவது எப்படி?

கேள்வி: என் மகனுக்குப் 10 வயது. பள்ளி அணியின் கோல்காப்பாளர். சிங்கப்பூர் கிண்ணக் காற்பந்து ஆட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போவதாக அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். கிண்ணப் போட்டியில் தோற்றவர்கள் வெளியேறிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நான்கு அணிகள் கொண்ட குழுவில் ஆடுகிறார்களாம், தோற்ற அணியும் தொடர்கிறதாம். எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது? மறுநாள் பள்ளி இருந்தால் எத்தனை மணிக்குக் கிளம்ப முடியும்?
- ஈசூன் வாசகி

பதில்: குழுச் சுற்றின் கடைசி ஆட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இறுதியாட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் நினைத்திருந்ததில் தவறில்லை. 1998இல் தஞ்சோங் பகார் யுனைடெட் முதல் கிண்ணத்தை வென்ற இந்தப் போட்டியைப் பலரும் அப்படித்தான் அறிந்திருக்கிறார்கள். வெளிநாட்டு அணிகளையும் அழைத்து ஆட வைத்த ஆண்டுகள் உண்டு. 2010இல் தாய்லாந்தின் பேங்காக் கிளாஸ் கிண்ணத்தைக் கொண்டே போய்விட்டது. கொவிட் காலத்தில் நின்றுபோன போட்டி 2022இல் திரும்பி வந்தபோது எட்டு அணிகளை நான்கு நான்காக இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள். எட்டே அணிகள் ஆடும்போது ஒரே தோல்வியில் பாதிப் பேரை அனுப்பிவிட்டால், இளம் ஆட்டக்காரர்களுக்கு ஆடக் கிடைப்பது ஓர் ஆட்டம்தான். மூன்று ஆட்டங்களாவது கிடைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 என்பது உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். அவனிடம் ஒரு தாளைக் கொடுத்து இரண்டு கணக்குகளைப் போடச் சொல்லுங்கள். முதலாவது: ஓர் அணி மற்ற மூன்றிடமும் தோற்கிறது, அந்த மூன்றும் ஒன்றையொன்று சுழற்சியாக வெல்கின்றன. மூன்றுக்கும் ஆளுக்கு 6 புள்ளி, ஆனால் அவற்றில் ஒன்று வெளியே போயாக வேண்டும். இரண்டாவது: ஓர் அணி மூன்றையும் வென்றுவிடுகிறது, மற்ற மூன்றும் தங்களுக்குள் சமநிலை காண்கின்றன. இப்போது வெறும் 2 புள்ளியோடு ஓர் அணி அரையிறுதிக்குப் போகும்! 6 புள்ளி எடுத்தவர் வீட்டில், 2 புள்ளி எடுத்தவர் அரையிறுதியில். இதனால்தான் 3-0 எனத் தோற்றுக்கொண்டிருக்கும் அணிகூடக் கடைசி நிமிடத்தில் ஒரு கோலுக்கு உயிரைக் கொடுத்து ஓடும். போட்ட கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள இடைவெளியைத்தான் கோல் வித்தியாசம் என்கிறார்கள், அந்த ஒரு கோல் அதை மாற்றும். புள்ளி சமமானால் கோல் வித்தியாசத்தை முதலில் பார்ப்பார்களா, அந்த அணிகள் நேருக்கு நேர் மோதிய முடிவையா என்பது அந்தப் பருவத்தின் விதிகளில் இருக்கும். கிளம்பும் முன் இருவரும் சேர்ந்து அதைப் படித்துவிடுங்கள். அதைத் தெரிந்துகொண்டு பார்க்கும் சிறுவனுக்கு ஆட்டம் வேறு மாதிரி தெரியும்.

இனி மணிக்கணக்கு. குழு ஆட்டம் சமநிலையானால் அப்படியே முடிந்துவிடும். இரவு 7.30க்குத் தொடங்கினால் 9.30க்குள் வெளியே வந்துவிடலாம். அரையிறுதியை இரண்டு ஆட்டங்களாக நடத்தும் பருவமென்றால் முதல் ஆட்டமும் பொதுவாக 90 நிமிடத்தோடு சரி. இரண்டாவது ஆட்டத்தில்தான் இரண்டிலும் விழுந்த கோல்களைக் கூட்டுவார்கள். எதிரணி அரங்கில் போட்ட கோலுக்குக் கூடுதல் மதிப்பு தரும் பழைய விதியை ஐரோப்பாவிலேயே 2021இல் கைவிட்டுவிட்டார்கள். ஆகவே கூட்டுத்தொகை சமமானால் 30 நிமிடக் கூடுதல் நேரத்தையும் பிறகு பெனால்டியையும் எதிர்பார்க்கலாம். இறுதியாட்டமும் அப்படியே நீளலாம். 2017இல் அல்பிரெக்ஸ் நீகாட்டாவும் பிலிப்பீன்ஸின் குளோபல் செபுவும் 2-2 என நின்று பெனால்டியில்தான் கிண்ணம் முடிவானது. அப்படிப்பட்ட இரவில் மணி 10.15ஐத் தாண்டிவிடும். மின்னல் எச்சரிக்கை வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள், அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் பள்ளி என்றால் குழு ஆட்டம். வெள்ளி, சனி என்றால் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம்.

எந்த அணி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2023, 2024-25 கிண்ணங்கள் இரண்டையும் லயன் சிட்டி செய்லர்ஸ் வென்றது. பலமான அணியைப் பார்க்க வேண்டுமென்றால் அதுதான். ஆனால் சிறுவனுக்கு நான் ஹவ்காங் யுனைடெட் ஆடும் ஆட்டத்தைத்தான் பரிந்துரைப்பேன். 2022 இறுதியாட்டத்தில் அவர்கள் தெம்பனிஸ் ரோவர்ஸை 3-2 என வென்றது அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே முதல் கிண்ணம். அத்தனை ஆண்டுகள் வெறுங்கையோடு திரும்பிய ரசிகர்கள் எப்படிப் பாடுவார்கள் என்பதை அவன் அரங்கில் கேட்க வேண்டும்.

மகன் கோல்காப்பாளர் என்கிறீர்கள். கோல் கம்பத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே உட்காருங்கள். பந்து மறுமுனையில் இருக்கும்போது அவன் கோல்காப்பாளரை மட்டும் பார்க்கட்டும். எவ்வளவு தூரம் முன்னே வந்து நிற்கிறார், தற்காப்பு ஆட்டக்காரர்களிடம் எப்போது சத்தம் போடுகிறார், எந்தக் கையைக் காட்டி அவர்களை நகர்த்துகிறார் என்பதெல்லாம் தொலைக்காட்சியில் தெரியாது.

ஆட்டம் ஜாலான் புசார் அரங்கில் என்றால் ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள். பெயரை நம்பிப் பலர் அங்கே இறங்கி வெகுதூரம் நடக்கிறார்கள். ஈசூனிலிருந்து தோபி காட் வந்து, வடகிழக்குப் பாதைக்கு மாறி, ஃபேரர் பார்க்கில் இறங்கினால் அங்கிருந்து அரங்கிற்கு ஏறக்குறைய பத்து நிமிட நடை. முன்னதாகவே வந்துவிட்டால் சிராங்கூன் சாலையில் இரவு உணவையும் முடித்துக்கொள்ளலாம்.