டர்பனில் பல்கலைக்கழகத்தில் சேரும் என் மகள் 'ஓரியண்டேஷன்' என்ற அறிமுக வாரத்துக்கு அவசியம் போக வேண்டுமா?

போகட்டும், ஒரு நாள்கூட விடாமல். மகள் விடுதியில் தங்கப் போவதில்லை, டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்தே தினமும் போய்வருவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனாலேயே இன்னும் அழுத்திச் சொல்கிறேன். "வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கிறது, அதுவரை பேச்சும் பாட்டும் விளையாட்டும்தானே, அதற்கு எதற்கு இரண்டு டாக்ஸி மாறிப் போக வேண்டும்?" என்ற உங்கள் கேள்வியை இந்த ஊரில் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். (இங்கே டாக்ஸி என்றால் பலர் சேர்ந்து ஏறிப்போகும் வேன்.) ஒரு வீட்டில் அதற்கு நானே தப்பான பதில் சொல்லியிருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி டர்பன் வந்து 19 வருடம் ஆகிறது. முதலாண்டு மாணவர்களுக்குக் கணித டியூட்டோரியல், அதாவது சிறு குழுவாகக் கணக்குப் போட்டுப் பழகும் வகுப்பு, எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் கோவிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தத் தமிழ் வகுப்பில் அ, ஆ எழுதிப் பழகிய பையன் ஒருவன் நல்ல மதிப்பெண்ணோடு மெட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்துப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கினான். அந்த வருடம் தைப்பூசமும் ஓரியண்டேஷனும் ஒரே வாரத்தில் வந்தன. கொடியேற்றிய நாளிலிருந்து அவன் விரதம், காவடி எடுக்கிறான். அவனுடைய ஆயா, அதாவது பாட்டி, என்னிடம் யோசனை கேட்டார். "விரதம் நல்லபடியா முடியட்டும்மா, வகுப்பு ஆரம்பிச்ச பிறகு போனாப் போதும்" என்றேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து நான் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றான். ஒன்றும் பேசாமல் போன் திரையை என் பக்கம் திருப்பினான். பாடத்தின் பெயருக்கு எதிரே டி.பி. இல்லை என்று இருந்தது. "ஆன்ட்டி, டி.பி.ன்னா என்ன?" என்று கேட்டான். தேர்வுக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

டி.பி. என்பது 'டியூலி பெர்ஃபார்ம்ட்' என்பதன் சுருக்கம். தென்னாப்பிரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் இந்த முறை உண்டு. நம் ஊர்க் கல்லூரிகளில் அட்டெண்டன்ஸ் குறைந்தால் ஹால் டிக்கெட் வராதே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் இங்கே வருகை மட்டும் போதாது. டியூட்டோரியல், செய்முறை, இடைத்தேர்வு, ஒப்படைக்க வேண்டிய வேலைகள் என்று அந்தந்தப் பாடத்துக்கு வைத்திருக்கும் நிபந்தனைகளை முடித்தால்தான் இறுதித் தேர்வு எழுத விடுவார்கள். இவன் ஒரு விரிவுரையைக்கூட விட்டதில்லை. விட்டது டியூட்டோரியலை. மாணவர்கள் அதை 'டட்' என்பார்கள். "டட்டுன்னா டியூஷன் மாதிரி, பாடம் புரியாதவங்க போறதுன்னு நெனச்சேன் ஆன்ட்டி. எனக்குத்தான் புரிஞ்சுதே." அது பிற்பகலில் வேறு, முடிந்து டவுனுக்குப் போய் ஃபீனிக்ஸ் டாக்ஸி பிடித்து வீடு சேர இருட்டிவிடும். ஆகவே வீட்டுக்குப் போய்விட்டான்.

இந்த விஷயத்தை ஓரியண்டேஷனின் மூன்றாம் நாள் துறைக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். பாடக் கையேட்டிலும் இருக்கிறது. ஆனால் கையேட்டில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தவன்தானே தேடுவான்? அந்தப் பாடத்தை அடுத்த ஆண்டு திரும்ப எடுத்தான். அதை முடிக்காமல் எடுக்க முடியாத பாடங்கள் பின்னாலே தள்ளிப்போய்ப் பட்டப்படிப்பு ஒரு வருடம் நீண்டது. நான் அன்றைக்கு ஆயாவிடம், "காலையில் ஓரியண்டேஷன், மாலையில் கோவில்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இன்றைக்கும் அந்த நினைவு வந்தால் மனசு கனக்கிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

விடுதிப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி விஷயங்கள் ஓரளவு தானாகவே தெரிந்துவிடும். ராத்திரி சமையலறையில் யாராவது, "நாளைக்கு டட்டுக்கு ஒப்படைக்கிற தாளை முடிச்சாச்சா?" என்பார்கள். அந்த ஒரு கேள்வி போதும். வீட்டிலிருந்து போகும் பிள்ளை வகுப்பு முடிந்ததும் டாக்ஸி ஏறுகிறது. வீட்டில் அன்பு இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, ஆனால் பல்கலைக்கழகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர் பல வீடுகளில் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975இலேயே இதைப் பற்றி எழுதினார். மாணவர்கள் படிப்பைப் பாதியில் விடுவதற்குப் பாடம் கடினம் என்பது மட்டும் காரணமில்லை, அந்த இடத்தின் படிப்பு வாழ்க்கையோடும் மனிதர்களோடும் ஒட்டாமல் போவதும் காரணம் என்பது அவர் வாதம். இங்கே வருடா வருடம் நான் பார்ப்பதும் அதுதான்.

எங்கள் கோவிலில் ஒரு பெரியவர் இருக்கிறார். நிறவெறி அரசு இந்தியர்களுக்கென்று தனியாகப் பிரித்து வைத்த கல்லூரி 1961இல் டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில் தொடங்கியது. அங்கே படித்தவர் அவர். பழைய கடற்படைக் கட்டடங்கள், படகில் போய்ப் படகில் வர வேண்டும். அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. ஆனால் படகைப் பற்றிப் பேசும்போது மட்டும் முகம் மலரும். எந்தப் பாடம் கஷ்டம், எந்த ஆசிரியரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் படகிலேயே சீனியர்கள் சொல்லிவிடுவார்களாம். இன்றைக்கு டாக்ஸியில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

சரி, அந்த வாரத்தில் மகள் எதைக் கவனிக்க வேண்டும்? மேடைப் பேச்சுகளில் பாதி மறந்துபோகும், போகட்டும். சீனியர் மாணவர் ஒருவரிடம் பத்துப் பன்னிரண்டு பேரைப் பிரித்து ஒப்படைப்பார்கள். அந்தக் குழுவை மட்டும் விடக் கூடாது. ஒரு வருடம் உதவிக்குப் போயிருந்தபோது, டர்பனை ஒட்டிய உம்லாசியிலிருந்து வந்து படிக்கும் மூன்றாமாண்டுப் பெண் ஒருத்தி தன் குழுவை நடத்தியதைப் பார்த்தேன். எல்லோரையும் கால அட்டவணையை எடுக்கச் சொன்னாள். "இப்போது திங்கட்கிழமை காலை" என்றாள். நடக்க ஆரம்பித்தார்கள். முதல் வகுப்பு அறை, அங்கிருந்து படியேறி அடுத்தது, அங்கிருந்து ஆய்வகம். வளாகம் மலைச்சரிவில் இருப்பதால் படிகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு வாசலிலும் கதவைத் தொட்டுவிட்டுத்தான் நகர வேண்டும் என்றாள். ஒரு வளைவில் நின்று, "இந்த ஜன்னலில் இருப்பவர்தான் பாடம் மாற்றித் தருவார், வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், வரிசை நீளம்" என்றாள். முன்னால் வாய் திறக்காமல் நின்ற பிள்ளைகள் மூன்றாவது கட்டடத்துக்குள் போவதற்குள் ஒருவர் எண்ணை ஒருவர் போனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் செய்ததை எந்த வரவேற்புரையாலும் செய்ய முடியாது.

இன்னொன்று, ஒரு பாடத்துக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று காட்டும் கிரெடிட் கணக்கு. இந்த நாட்டில் 1 கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. 16 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 160 மணி நேரம். அரையாண்டுக்கு அப்படி நான்கு பாடம் எடுத்தால் 640 மணி நேரம். தேர்வுக் காலத்தையும் சேர்த்து 16 வாரம் என்று வைத்தாலும் வாரத்துக்கு 40 மணி நேரம் வருகிறது. வகுப்பில் உட்காருவது அதில் ஒரு பகுதிதான், மிச்சமெல்லாம் தானாகப் படிப்பது. மெட்ரிக்கில் ஆசிரியர் விரட்டி விரட்டிப் படிக்கவைத்த பிள்ளைகளுக்கு அட்டவணையில் வெறுமையாக இருக்கும் கட்டங்கள் லீவு மாதிரித் தெரியும். க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் மாணவரின் படிப்பு நிலையை 'ரோபோட்' நிறத்தில் குறிப்பார்கள். இங்கே ரோபோட் என்றால் சாலைச் சிக்னல் விளக்கு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பின்தங்குவதாக எச்சரிக்கும் ஆரஞ்சு வந்தால் உடனே ஆலோசகரிடம் போக வேண்டும், சிவப்பு வரும்வரை வீட்டில் மறைத்துவைக்கக் கூடாது. மகளுக்கு இதை இப்போதே சொல்லிவையுங்கள். ஆரஞ்சைக் கண்டு நீங்கள் திட்ட மாட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில்தான் சேருகிறாள் என்றால், பள்ளியில் இந்தப் பகுதி மொழியான ஜூலு படிக்காத இளநிலை மாணவர்கள் அதில் ஒரு பாடம் தேற வேண்டும் என்ற விதி 2014இலிருந்து இருக்கிறது. பயப்பட வேண்டாம். குழுவில் உள்ள ஜூலு பிள்ளைகளிடம் முதல் நாளே "சாவுபோனா" என்று வணக்கம் சொல்லிப் பழகட்டும்.

எனக்கு இந்த ஓரியண்டேஷன் வாரத்தின் மேல் ஒரு வருத்தமும் உண்டு. எல்லாவற்றையும் ஐந்து நாளில் கொட்டிவிடுகிறார்கள். பிள்ளைக்கு உதவி தேவைப்படுவது முதல் இடைத்தேர்வுத் தாள் கைக்கு வரும் மார்ச், ஏப்ரலில்தான். அப்போது பதாகைகளும் இல்லை, குழுவும் கலைந்திருக்கும். அமெரிக்காவில் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1970இல் போராடிய மாணவர்கள், பல்கலைக்கழகத்தின் தலைவரான தாமஸ் ஜோன்ஸின் அலுவலகத்தையே முற்றுகையிட்டார்கள். அவர் மாணவர்கள் மேல் கோபப்படுவதோடு நிறுத்தாமல், பல்கலைக்கழகத்தின் மேல் அவர்களுக்கு ஏன் பிடிப்பில்லை என்று யோசித்து 1972இல் 'யுனிவர்சிட்டி 101' என்ற பாடத்தைத் தொடங்கினார். அது ஒரு வாரத்தில் முடிவதில்லை. முதலாண்டு மாணவர்கள் ஒரு பருவம் முழுக்கச் சிறு வகுப்பாகச் சந்திக்கிறார்கள். இங்கேயும் எல்லா இடத்திலும் அப்படி வர வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை வீட்டில் நீங்கள் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. அந்த வாரம் தினமும் சாயங்காலம், "இன்னிக்கு யார்கிட்டே பேசினே, பேர் என்ன?" என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சீனியர், ஒரு அலுவலகப் பணியாளர், கூடப் படிக்கும் இருவர் என நான்கு பெயர் வந்தால் போதும். வராவிட்டால் அடுத்த வாரமும் கேளுங்கள். எந்தத் துறை என்று நீங்கள் எழுதவில்லை. கணிதம் உள்ள படிப்பாக இருந்தால் பாடக் கையேடு வந்ததும் டி.பி. நிபந்தனை இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.