வேதியியல் பேராசிரியர், ஆனால் ஆராய்வது மாணவர்களுக்கு அது ஏன் புரியவில்லை என்பதை. அப்படியும் ஒரு வேலை உண்டா? யாரையாவது தெரியுமா?

உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் வேதியியல் துறைக்குள்ளேயே இதற்கென ஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்தவர் என்றால், எழுத்து வழியாக மட்டுமே தெரிந்த ஒருவர்: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன். 2017இல் காலமானார். பல்கலைக்கழகத்துக்கு வருமுன் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தவர்.

நன்றாகப் படிக்கிற பிள்ளையும் மோல் கணக்கில் (பொருளின் அளவை அதிலுள்ள துகள்களின் எண்ணிக்கையோடு இணைக்கும் கணக்கு) ஏன் திணறுகிறது? "ஒழுங்காகப் படிக்கவில்லை" என்றுதான் நாம் சொல்வோம். ஜான்ஸ்டனோ பாடத்தின் அமைப்பைச் சந்தேகித்தார். உப்பு தண்ணீரில் கரைவதைக் கண்ணால் பார்க்கிறோம். உள்ளே சோடியம், குளோரைடு அயனிகள் பிரிவதைக் கற்பனைதான் செய்ய முடியும். கரும்பலகையில் இருப்பதோ குறியீடும் அம்புக்குறியும். ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் இந்த மூன்றுக்கும் தாவிவிடுவார், தாவியது அவருக்கே தெரியாது. 1991இல் ஜான்ஸ்டன் முன்வைத்த முக்கோணம் இதைத்தான் காட்டுகிறது: கண்ணால் பார்ப்பது, கற்பனை செய்வது, குறியீடு என்று முனைக்கு ஒன்று.

மூன்றையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள மூளையின் செயல்நினைவில் (யோசிக்கும்போது தகவலைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் நினைவு) இடமில்லை என்பது அவர் வாதம். வெறும் ஊகம் இல்லை. 1986இல் சக ஆய்வாளர் ஒருவருடன் வெளியிட்ட ஆய்வில், ஒரு கணக்குக்குத் தேவையான படிகள் மாணவரின் செயல்நினைவுக் கொள்ளளவைத் தாண்டியதும் மதிப்பெண் படிப்படியாகக் குறையவில்லை, சட்டென்று சரிந்தது. ஆய்வகத்திலும் இதே கதைதான். பியூரெட்டை (திரவத்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) பிடிக்கத் தெரியாதவனிடம் அளவு, நிறமாற்றம், கோட்பாடு எல்லாவற்றையும் ஒரே மணி நேரத்தில் கேட்டால், அவன் செய்முறைத் தாளில் இருப்பதை அப்படியே செய்துவிட்டுப் போவான். அதனால் ஆய்வகத்துக்குள் நுழையும் முன்பே மாணவரைத் தயார்படுத்த வேண்டும் என்றார்.

ஒரு வேடிக்கை. அவர் முக்கோணத்தைப் பாராட்டுகிற பலர், மூன்று முனைகளையும் எப்போதும் சேர்த்தே நடத்த வேண்டும் என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். புதிதாகப் படிப்பவரை மூன்றும் சேரும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தாதே என்பதுதான் அவர் எச்சரிக்கை!

இந்தத் துறையில் இப்போது இருப்பவர்களையும் தெரிந்துகொள்ள வேண்டுமா? பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி வேதியியல் கல்விக்கென்றே ஓர் ஆய்விதழ் நடத்துகிறது, இலவசமாகவே படிக்கலாம். கட்டுரையில் பிடித்த இடத்தைக் குறிப்பிட்டு ஆய்வாளருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் வகுப்பில் எங்கே இடிக்கிறது என்று எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.