மூடிக் கிடந்த கிணற்றில் கரியமில வாயு

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்கு அருகே எங்கள் தென்னந்தோப்பில் இரண்டு ஆண்டுகளாகத் தகரம் போட்டு மூடியிருந்த கிணற்றில் தூர் வார இறங்கிய என் தம்பி, பாதி ஆழத்திலேயே தலை கனத்து, மூச்சு வாங்கி ஏறி வந்துவிட்டான். கரியமில வாயு என்கிறார்கள். நாம் மூச்சில் விடுவதும் அதுதானே? அது கிணற்றுக்குள் எப்படி வந்தது?

பதில்: மூச்சில் விடுவதும் அதே வாயுதான். உண்ட சோறு உடலுக்குள் சக்தியாக மாறும்போது உண்டாகி, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோ அளவில் வெளியேறுகிறது. விறகு எரிந்தாலும் இட்லி மாவு புளித்துப் பொங்கினாலும் அதே வாயுதான் உண்டாகிறது.

உங்கள் கிணற்றில் சேற்றில் விழுந்த ஓலையையும் சருகையும் நுண்ணுயிரிகள் மக்கச் செய்யும்போது அங்கிருக்கும் ஆக்சிஜன் செலவாகிக் கரியமில வாயு சேர்கிறது. மரவேர்களும் மண்ணும் விடும் வாயு பக்கச் சுவரின் இடுக்குகள் வழியே கசிந்து வருகிறது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான இவ்வாயு, காற்றோட்டமில்லாத குழியில் அடியிலேயே தங்கிவிடும். வெளிக்காற்றில் 0.04 சதவீதமே உள்ள இது 5 சதவீதத்தை எட்டினால் தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். 10 சதவீதத்தில் சில நிமிடங்களில் நினைவு தப்பும். உங்கள் தம்பிக்கு மூச்சு வாங்கியது நல்லதாயிற்று; ஆக்சிஜன் மட்டும் குறைந்திருந்தால், பலருக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காமல் கால் மடங்கிவிடும்.

அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அது அணைந்தால் இறங்கக் கூடாது. அணையவில்லை என்பதற்காக இறங்கிவிடவும் கூடாது, சேற்றில் மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. ஊதுவிசிறியால் வெளிக்காற்றைக் குழாய் வழியே அடிவரை செலுத்தி, வாயு அளக்கும் கருவியால் சோதித்த பிறகு, இடுப்புக் கயிற்றுடன், மேலே ஆள் நிற்க இறங்குவதே முறை. உள்ளே ஒருவர் மயங்கினால் மற்றவர் குதிக்காமல் 101-ஐ அழையுங்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பது இத்தகைய விபத்துகளில் அடிக்கடி நடக்கிறது.

தம்பியின் தலைவலி அன்றே தீர்ந்திருந்தால் கவலை வேண்டாம். மயக்கமோ நெஞ்சு வலியோ இருந்தாலும், கிணற்றுக்குள் டீசல் பம்பு ஓடியிருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். டீசல் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஏறியிருந்தாலும் அக்கருவி அதை ஆக்சிஜன் என்றே கணக்கிட்டுக் காட்டும்.