வாடகை வீடு மறுக்கப்பட்டால் எங்கே புகார் கொடுப்பது?

கேள்வி: நாங்கள் ஆதிதிராவிடர். வீடு பிடித்துப்போய் 5,000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்தோம். எங்கள் சாதி தெரிந்ததும், "சொந்தக்காரங்க வராங்க" என்று சொல்லி ஓனர் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். காவல் நிலையத்தில் "வீட்டை யாருக்கு விடறதுங்கிறது அவர் இஷ்டம்" என்கிறார்கள். இது சரியா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: சரியல்ல. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4-ஐக் காட்டுங்கள். எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமையின் பேரில் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று அது சொல்கிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, கூடவே 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். இந்தக் காலத்தில் 500 ரூபாயை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், சிறை என்றால் யோசிப்பார்கள்.

உங்களுக்குக் கைகொடுப்பது பிரிவு 12. பட்டியல் சாதியினருக்கு எதிராக அப்படி ஒரு செயல் நடந்தது என்று நிரூபணமானால், அது தீண்டாமையால்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். 'உண்மையிலேயே சொந்தக்காரர்தான் வந்தார்' என்று காட்டும் பொறுப்பு ஓனருடையது. இது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம். ஆகவே, 'சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க' என்று காவல் நிலையம் கைகழுவ முடியாது. நடந்து ஓராண்டுக்குள் வழக்கு தொடுத்தாக வேண்டும். ஆறப்போடாதீர்கள்.

பலர் நேராக 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சொல்லிப் புகார் எழுதுவதில்தான் சிக்கல் வருகிறது. அந்தச் சட்டத்தில் வீடு மறுப்பு தனிக் குற்றமாக இல்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால் பிரிவு 3(1)(எஸ்), தெருவே கூடி 'இவங்களுக்கு வீடு விடக் கூடாது' என்று கட்டுப்பாடு போட்டிருந்தால் 3(1)(இசட்சி), ஏற்கெனவே குடியிருப்பவரை விரட்டினால் 3(1)(இசட்) பொருந்தும். திட்டியது பிறர் பார்வையில் நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள், சாட்சி யாருமில்லாமல் பேசியது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. மாடிப்படியில், வாசலில், பக்கத்து வீட்டார் காதில் விழும்படி பேசியிருந்தால், யார் நின்றார்கள் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: புகாரில் என்னென்ன எழுத வேண்டும்? ஸ்டேஷனில் வாங்க மறுத்தால்?
— வாசகி, விழுப்புரம்

பதில்: 'சாதியைக் காரணம் காட்டி அவமானப்படுத்தினார்' என்று ஒரே வரியில் எழுதும் புகார்தான் அதிகம் தோற்கிறது. தேதி, நேரம், வீட்டு முகவரி, வாடகை, அட்வான்ஸ், முதலில் யார் சம்மதம் சொன்னார், எந்த இடத்தில் சாதி பற்றிப் பேச்சு வந்தது என்று வரிசையாக எழுதுங்கள். சொன்ன வார்த்தைகளை நாகரிகமாக மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். "நீங்க என்ன ஆளுங்க?", "சொந்த ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டதாலேயே குற்றமாகிவிடாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு பதில் மாறியது என்றால் அதுதான் வழக்கின் உயிர்.

சாட்சியம் அன்றைக்கே சேர்க்க வேண்டியது. 'டு லெட்' பலகையைப் படமெடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அது வந்த போனையே பத்திரமாக வைத்திருங்கள், அழிக்காதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம், பிரிவு 63-இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். அன்று மாலையே வேறு சாதி நண்பர் ஒருவரை விட்டு வீடு கேட்கச் சொல்லுங்கள். "காலியாத்தான் இருக்கு, வந்து பாருங்க" என்று பதில் வந்தால் அதைவிட வலுவான ஆதாரம் இல்லை. புரோக்கர் நல்ல சாட்சிதான். ஆனால் தொழில் கெடும் என்று பின்வாங்குவார், அவரை மட்டும் நம்பாதீர்கள். சாதிச் சான்றிதழ் நகல் இருந்தால் இணையுங்கள்.

புகாரை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய் ஒன்றில் முத்திரை வாங்குங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்புவது வழக்கம். அது முதல் தகவல் அறிக்கை அல்ல. வன்கொடுமைச் சட்டப் புகாரில், வழக்குப் பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018-இல் சேர்த்த பிரிவு 18ஏ தெளிவாகச் சொல்கிறது. மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சமூக நீதி மற்றும் மனித உரிமைப் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும். அதற்கும் அசையவில்லை என்றால் நீதிமன்றத்தை அணுகலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பது நல்லதுதான், ஆனால் அது காவல் நிலையப் புகாருக்கு மாற்று ஆகாது. வன்கொடுமைப் புகார்களுக்கான கட்டணமில்லா உதவி எண் 14566.

கேள்வி: நாங்கள் முஸ்லிம். "சுத்த சைவம் மட்டும்" என்று சொல்லியே பல வீடுகளில் கதவைச் சாத்துகிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகர், கோவை

பதில்: கசப்பான பதில்தான். மதத்தைக் காரணம் காட்டித் தனியார் ஒருவர் வாடகைக்கு விட மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இங்கே இல்லை. அரசியலமைப்பின் 15(1) பிரிவு அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. வீட்டுவசதி வாரியம் பாகுபாடு காட்டினால் உயர் நீதிமன்றம் போகலாம். தனி ஓனர் என்றால் அந்த வழி இல்லை. 2017-இன் தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் இந்த விஷயத்தில் வாய் திறக்கவில்லை. மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கு எழுதலாம், பதிவாக இருக்கும். உடனடியாக வீடு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: நான் திருநங்கை. குடியேறி எட்டு மாதம் ஆகிறது. இப்போது "அக்கம்பக்கம் பேசறாங்க, ஒரு வாரத்துல காலி பண்ணு" என்று சொல்லித் தண்ணீரை நிறுத்திவிட்டார்.
— வாசகி, மதுரை

பதில்: காலி செய்யாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 3, வாடகைக்குக் குடியிருக்கும் உரிமையில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. குடியிருப்பிலிருந்து கட்டாயப்படுத்தி வெளியேற்றினால் பிரிவு 18-இன்படி ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. இதைக் காவல் நிலையத்தில் கொடுங்கள். தண்ணீரை நிறுத்தியதற்குத் தனியாக வாடகை அதிகாரியிடம் மனு போடுங்கள். வாடகைத் தகராறு இருந்தாலும் ஓனர் அத்தியாவசிய வசதியை நிறுத்தக் கூடாது, தண்ணீரைத் திறந்துவிட இடைக்கால உத்தரவு கேட்கலாம். இந்த மாத வாடகையை நிறுத்திவிடாதீர்கள். கையில் வாங்க மறுத்தால் வங்கிக் கணக்கில் போடுங்கள். பாக்கி என்ற காரணத்தை நீங்களே அவர் கையில் கொடுக்கக் கூடாது.

கேள்வி: நாங்கள் ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவர்களானோம். முதல் கேள்விக்கான சட்டம் எங்களுக்கும் பொருந்துமா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: பாதி. கிறிஸ்தவராக மாறியவர் பட்டியல் சாதிக்குள் வருவதில்லை, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கிறார்கள். அதனால் வன்கொடுமைச் சட்டம் கிடைக்காது. 1955 சட்டத்தின் பிரிவு 4, 'எந்த ஒருவருக்கும்' எதிரான தீண்டாமையைத் தண்டிக்கிறது. ஆகவே புகார் கொடுக்கலாம். ஆனால் பிரிவு 12-இன் அனுமானம் உங்களுக்கு இல்லை, தீண்டாமைதான் காரணம் என்பதை நீங்களே நிரூபிக்க வேண்டும். வேறு சாதி நண்பரை விட்டு வீடு கேட்கச் சொல்லும், மேலே சொன்ன சோதனை உங்களுக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம் தேவை.