வத்தல் போட நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: கடலூர் வண்டிப்பாளையத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கணவர் சிப்காட்டில் தனியார் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கைக்கு வருவது மாதம் 38,000 ரூபாய். மாமியார், இரண்டு பிள்ளைகள் சேர்த்து ஐந்து பேர். மூன்று வருடமாக மாடியில் 40 பைகளிலும், பின்கட்டில் இரண்டு சென்ட் இடத்திலும் காய்கறி போடுகிறோம். மாந்தோட்டம் என்று இல்லை, ஒரு மரம் இருக்கிறது. மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு, விதை, வேப்பெண்ணெய் என்று மாதம் 1,500 ரூபாய் ஆகிறது. முன்பு காய்கறிக்கு மாதம் 3,200 ஆகும், இப்போது 1,400-தான். தை முதல் பங்குனி வரை வாரம் பத்து கிலோ வரை மிஞ்சுகிறது. மாமியார் வத்தல், தொக்கு, மோர் மிளகாய், ஊறுகாய் எல்லாம் போட்டுவிடுவார். போன கோடையில் மாங்காய் ஊறுகாய் 35 பாட்டில், ஒன்று 120 ரூபாய் என்று அக்கம்பக்கத்தில் விற்றோம். இதைப் பெரிதாகச் செய்யலாம் என்று சூரிய உலர்த்தி, டீப் ஃப்ரீசர், காற்றை உறிஞ்சி ஒட்டும் மெஷின் மூன்றும் வாங்க நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் எடுக்க நினைக்கிறேன். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. வங்கிச் சேமிப்பு 25,000 இருக்கிறது. கணவரோ, “தோட்டமே நஷ்டம், உழவர் சந்தையில் வாங்கினால் இதைவிட மலிவு” என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: சகோதரி, நகையை அடகு வைக்க வேண்டாம். தோட்டத்தையும் விட வேண்டாம். காரணத்தை உங்கள் எண்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணவர் சொல்வதை எடுத்துக்கொள்வோம். தோட்டம் மாதம் 1,800 ரூபாய் மிச்சம் பிடிக்கிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் நம் கரையோரத்தில் மாடிச் செடி அழுகுவதைத்தான் பார்க்க முடியும். அந்த மூன்று மாதமும் காய் கடையில்தான் வாங்கியிருப்பீர்கள். ஆக ஒன்பது மாத மிச்சம் 16,200. செலவு 12 மாதத்துக்கும் சேர்த்து 18,000. பச்சைக் காயை மட்டும் கணக்கில் எடுத்தால் வருடத்துக்கு 1,800 ரூபாய் நஷ்டம். அவர் சொன்னது தப்பில்லை.

ஆனால் அவர் கணக்கில் ஜாடிகள் இல்லை. ஐந்து பேர் வீட்டில் ஊறுகாய், வத்தல், மோர் மிளகாய், தொக்கு எல்லாம் கடையில் வாங்கினால் மாதம் 450 ரூபாய்க்குக் குறையாது. வருடத்துக்கு 5,400. அதற்காக நீங்கள் வாங்கும் எண்ணெய், உப்பு, தூளுக்கு 1,800 கழித்தாலும் 3,600 மிஞ்சும். 1,800 நஷ்டத்தில் இருந்த தோட்டத்தை 1,800 லாபத்துக்குத் திருப்பியது உங்கள் மாமியாரின் கை. இதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

சரி, இப்போது கடன். ஒன்றரை லட்சத்துக்கு வட்டி மாதம் 1,500, வருடம் 18,000. அசல் அப்படியே நிற்கும். அந்த உலர்த்தியில் என்ன காயப் போடப் போகிறீர்கள்? வாரம் பத்து கிலோ, பத்து வாரம் என்றால் 100 கிலோ காய். வெண்டை, கத்திரி, தக்காளி எல்லாவற்றிலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கே தண்ணீர்தான். 100 கிலோ காய்ந்தால் சுமார் 10 கிலோ வத்தல். கிலோ 500 ரூபாய் என்று நல்ல விலை போட்டாலும் மொத்தமே 5,000. வட்டி 18,000. எத்தனை அருமையான மெஷினாக இருந்தாலும் இந்த இரண்டு எண்ணும் சேராது. உங்களுக்குக் குறைவது மெஷின் இல்லை, சரக்கு. சரக்குக்கு நிலம் வேண்டும். இரண்டு சென்ட் இடம் குடும்பத்துக்கு நன்றாகப் போதும், கடனை அடைக்கப் போதாது.

ஃப்ரீசர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சின்ன டீப் ஃப்ரீசர்கூட நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும், இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். உங்கள் மின் கணக்கீட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். இப்போதே 450-ஐ ஒட்டி வந்தால் ஃப்ரீசர் உங்களை 500-க்கு மேல் தள்ளிவிடும். 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் சேர்ந்து போய்விடும். இது ஒரு பக்கம். 2011 டிசம்பர் 30 தானே புயல் உங்களுக்கு மறந்திருக்காது. ஊரில் பல தெருக்களுக்கு மின்சாரம் வர நாள்கணக்கில் ஆனது. கடலூரில் ஒரு வருட உழைப்பை ஃப்ரீசருக்குள் வைப்பதை நான் ஒருநாளும் சிபாரிசு செய்ய மாட்டேன். உப்பும் வெயிலும் காப்பாற்றுகிற பண்டத்துக்கு மின்சாரம் தேவையில்லை.

ஒட்டும் மெஷின் நன்றாகக் காய்ந்த வத்தலுக்குச் சரி. வேகவைத்த காய், அரைகுறையாகக் காய்ந்த காய், எண்ணெயில் போட்ட பூண்டு இவற்றைக் காற்றில்லாமல் அடைத்து வெளியே வைப்பது ஆபத்து. காற்றில்லாத இடத்தில்தான் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். நஞ்சு ஏறியது வாசனையில் தெரியாமலும் போகலாம். புளிப்போ, கூடுதல் உப்போ, முழு உலர்வோ இல்லாத எதையும் அடைக்காதீர்கள். விற்கவே விற்காதீர்கள்.

நகையைத் தொட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், என் கண்ணுக்கு அதுதான் பெரியது. உங்கள் சேமிப்பு 25,000. மாதச் சம்பளத்தைவிடக் குறைவு. 2011-ல் தானே, 2015 நவம்பரில் வெள்ளம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல், அதை ஒட்டித் தென்பெண்ணையில் வந்த தண்ணீர். இப்படிப்பட்ட ஊரில் ஐந்து பேர் குடும்பத்துக்கு அந்த நகைதான் கடைசிக் கையிருப்பு. அது பீரோவில் சும்மா கிடப்பதாக நினைக்காதீர்கள். ஒரு வாரம் வேலை நின்றாலோ, மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தாலோ அன்றைக்கு அடகு வைக்க அது கையில் இருக்க வேண்டும். மூன்று மாதச் செலவுக்கான பணம் வங்கியில் சேரும் வரை எந்தத் தொழிலுக்காகவும் அதை எடுக்காதீர்கள்.

அப்படியானால் எதைச் செய்வது? மாதம் 1,500 என்ற செலவைக் குறைப்பதுதான் முதல் வேலை. வீட்டுக் காய்கறிக் கழிவையும் காய்ந்த இலையையும் பின்கட்டில் மக்க வைத்தால் மண்புழு உரம் பாதி வாங்கினால் போதும். கொத்தவரை, வெண்டை, கத்திரி, மிளகாய் நாட்டு ரகமாகப் போட்டு, செடிக்கு இரண்டு காயை முற்ற விட்டு விதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மாடிக்குப் பணமே போடாதீர்கள். இப்படி மாதச் செலவு சராசரி 700-க்கு வந்தால் வருடத்துக்கு 9,600 ரூபாய் மிச்சம். கடன் வாங்கி வைக்கும் எந்த மெஷினும் உங்கள் வீட்டில் இவ்வளவு சம்பாதிக்காது.

அடுத்து, எதைப் போடுவது என்பது. மிஞ்சியதை வத்தல் போடுகிறீர்கள். அதை மாற்றி, கடையில் எந்த வத்தலுக்குப் பணம் கொடுப்பீர்களோ அதற்கான செடியை வையுங்கள். சுண்டையும் மணத்தக்காளியும் வத்தல்களிலேயே விலை கூடியவை. சுண்டைச் செடி பின்கட்டு மூலையில் ஒன்று நின்றால் வருடக்கணக்கில் காய்க்கும், பையும் வேண்டாம் உரமும் வேண்டாம். கொத்தவரையை இன்னும் கூட்டலாம். தக்காளியைக் குறையுங்கள். உங்கள் வீட்டில் தக்காளி பழுக்கும் மாசியில் ஊரெல்லாம் தக்காளி மலிவு. அதைத் தொக்காக்கினால் தக்காளியைவிட நல்லெண்ணெய்க்குத்தான் காசு அதிகம். உப்பு தடவி வில்லை வில்லையாக வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பது மேல். எண்ணெய்ச் செலவு கிடையாது, ரசத்துக்கும் சாம்பாருக்கும் ஆகும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே 60 ரூபாய்க்கு விற்றதே, அந்த மாதிரி நாளில்தான் அந்த டப்பாவின் உண்மையான மதிப்பு தெரியும். பதப்படுத்திய காய்க்கு விலை போடும்போது பறித்த நாளின் விலையைப் பார்க்காதீர்கள், சாப்பிடும் நாளின் விலையைப் பாருங்கள்.

உலர்த்திக்குப் பதில் இரண்டு மூங்கில் தட்டு, கொசுவலைத் துணி, பழைய வேட்டி, மூடி இறுகும் டப்பாக்கள். 2,000 ரூபாய்க்குள் முடியும். கடற்கரை ஊரில் மதியத்துக்கு மேல் கடல் காற்று ஈரத்தைக் கொண்டுவரும், நான்கு மணிக்கு முன்பே தட்டை உள்ளே எடுத்துவிட வேண்டும். உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு வடித்த கொத்தவரை, காய்ந்தபின் ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில். ஆடியில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை வெயில் காட்டி மறுபடி அடைத்துவிட்டால் மழைக்காலம் முழுக்கப் பூஞ்சை பிடிக்காது. மாமியாருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஒரு டப்பா பூஞ்சை பிடித்தால் அந்த மாதச் சேமிப்பு போயிற்று.

விற்பனைக்கு வருவோம். 35 பாட்டில், 4,200 ரூபாய் வந்தது. அதை லாபம் என்று நினைத்திருப்பீர்கள். அரை கிலோ பாட்டிலுக்கு நல்லெண்ணெய் 150 மில்லி, லிட்டர் 400 என்றால் 60 ரூபாய். மிளகாய்த் தூள் 15, கடுகு, வெந்தயம், பெருங்காயம், உப்பு 12, பாட்டிலும் மூடியும் 15, கேஸ் 3. ஆக 105. மாங்காய் உங்கள் மரத்தது என்பதால் சும்மா. பாட்டிலுக்கு 15 ரூபாய் வீதம் மொத்த லாபம் 525. எண்ணெய் வீட்டு டின்னிலிருந்தும், தூள் வீட்டு டப்பாவிலிருந்தும் போனதால் இது உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். மாமியார் அடுப்படியில் நின்ற நேரத்துக்குக் கூலியும் இதில் சேரவில்லை. இனி விற்பனைக்கு என்று தனி டின், தனி நோட்டு. விலை 170-க்குக் குறைய வேண்டாம். அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை என்றால், ஊறுகாயை வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் யோசனை ஒன்று: ஊறுகாயைவிடத் தாளிப்பு வடகம் விற்றுப் பாருங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் மீன் குழம்பு வைக்கிற எந்த வீட்டுக்கும் அது வேண்டும். நம் பக்கத்து வடகம் பிரான்ஸ் சமையலறை வரை போய்ச் சேர்ந்த பண்டம். எண்ணெய் என்று பார்த்தால் உருட்டும்போது கையில் தடவும் விளக்கெண்ணெய்தான். சின்ன வெங்காயம் மலிவாக இருக்கும்போது வாங்கி, கறிவேப்பிலையை உங்கள் தோட்டத்தில் பறித்து, சித்திரை வெயிலில் காயவைத்தால் மழைக்காலத்தில் நல்ல விலைக்குப் போகும். முதல் வருடம் பத்து கிலோ வெங்காயத்தோடு நிறுத்துங்கள்.

தெரிந்தவர்களுக்கு விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். சிறு தயாரிப்பாளருக்குக் கட்டணம் குறைவுதான், இணையத்திலேயே பதியலாம். பாட்டிலில் பதிவு எண், சேர்மானம், எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். பயிற்சி வேண்டும் என்றால் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். சிறு உணவுத் தொழில்களுக்கு 35 சதவீத மானியத்தோடு வங்கிக் கடன் கொடுக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020-ல் வந்தது. யாராவது அதைச் சொல்லி ஆசை காட்டினால், மீதி 65 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டியது என்பதை முதலில் பாருங்கள்.

மாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நனைந்த 40 பைகளின் கனம் சாதாரணமில்லை. உத்தரத்தை ஒட்டி, செங்கல் மேல் வையுங்கள். கூரை கசிந்தால் அந்தச் செலவைப் பல வருடக் காய்கறி சேர்ந்தாலும் ஈடுகட்டாது.

விற்று வரும் லாபத்தில் பாதியை மாமியார் பெயரில் அஞ்சலகத்தில் ஒரு கணக்கு தொடங்கிப் போடுங்கள், அது அவர் உழைப்பு. மறுபாதியைத் தனியாகச் சேர்த்து வாருங்கள். 170 ரூபாய் விலையில் தொடர்ந்து ஆறு மாதம் மாதம் 20 பாட்டில் போய், கேட்கிறவர்களுக்குக் கொடுக்கச் சரக்கில்லை என்ற நிலை வந்தால் அப்போது உலர்த்தியைப் பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள். அதையும் சேர்ந்த பணத்தில்தான் வாங்க வேண்டும், கடனில் வேண்டாம்.