பவுசர் அட்டவணையும் அறிக்கையின் கடைசிப் பக்கமும்

கேள்வி: கொள்கை ஆய்வு அறிக்கைகளை மாகாண சபை, பிரதேச சபை ஆட்கள் உண்மையில் வாசிக்கிறார்களா? ஆய்வை வைத்து முடிவெடுத்த ஓர் உதாரணமாவது இருக்கிறதா?

இருக்கிறது. எனக்குத் தெரிந்து ஒன்று. அந்த ஒன்றில் நானும் இருந்தேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

கேள்வியின் தொனியைப் பார்த்தால் நீங்கள் பல்கலைக்கழக மாணவர் என்று நினைக்கிறேன். கடைசி வருட ஆய்வுக்குத் தலைப்பு எடுத்துவிட்டு, ஏதோ ஒரு சபைச் செயலாளரைச் சந்திக்கப் போய், இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறீர்கள். பிழையென்றால் குறை நினைக்க வேண்டாம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு பிரதேச சபையில் 2018இலிருந்து, 2023 மார்ச்சில் சபைகள் கலையும் வரை உறுப்பினராக இருந்தேன். எந்தச் சபை, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், ஊர் சின்னது. வட்டாரத்தில் வென்று வந்தவள் இல்லை, கட்சிப் பட்டியலில் வந்தவள். பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டம் முதல்முறை நடைமுறைக்கு வந்த தேர்தல் அது. பட்டியலுக்குப் பெண் பெயர் தேடி அலைந்தபோது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியாக இருந்த என்னிடம் வந்தார்கள். "பெயர் மட்டும்தான் தங்கச்சி, வேறொரு கரைச்சலும் இல்லை" என்றார்கள். சபைக்குள் எங்களைப் போன்றவர்களுக்கு 'போனஸ் ஆக்கள்' என்று பட்டம். அது பின்னால் உதவியது, வருகிறேன்.

அதற்கு முன் நான் மற்றப் பக்கத்திலும் இருந்திருக்கிறேன். போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அந்த நேரத்தில் மீள்குடியேறிய ஊர்களுக்கெல்லாம் ஆய்வு செய்ய ஆட்கள் வரிசையாக வந்தார்கள். எனக்குத் தகவல் திரட்டும் வேலை கிடைத்தது, ஒரு படிவத்துக்கு இவ்வளவு காசு என்று. தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து, எத்தனை வேளை சாப்பாடு, எத்தனை மீற்றரில் கிணறு, வீட்டில் உழைக்கிறவர் யார் என்று கேட்டு எழுதுவேன். ஒரு அம்மா பேனையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பிள்ளை, போன மாசம் இதே கேள்வியை வேற ஒரு பிள்ளை வந்து கேட்டது. அந்த மறுமொழி எங்க போச்சு?" எனக்குத் தெரியவில்லை. "மேலிடத்துக்குப் போகும் அம்மா" என்று பொய் சொல்லிவிட்டு அடுத்த கொட்டிலுக்குப் போனேன்.

சபைக்கு வந்த பிறகுதான் அது எங்கே போகிறது என்று கண்டேன். செயலாளரின் அறையில் இரும்பு அலுமாரி, கீழ்த் தட்டு. பல நிறத்தில் பளபளக்கும் அட்டைகள், பெரும்பாலும் ஆங்கிலம். உத்தியோகத்தர்களைக் குறை சொல்லவில்லை. மூன்று பேர் பார்க்கவேண்டிய வேலையை ஒருவர் பார்க்கிற கந்தோரில் யார் இருந்து வாசிப்பது? இன்னொன்றும் உண்டு. அந்த அறிக்கைகள் சொல்கிற பலதும் எங்களால் செய்ய முடியாதவை. 'பிரதேச சபை குளங்களைப் புனரமைக்க வேண்டும்' என்று இருக்கும். 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்குப் பாய்ச்சுகிற குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதைவிடப் பெரியது நீர்ப்பாசனத் திணைக்களத்துடையது. குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கையில். காட்டோரத்தில் ஒரு பற்றையை வெட்டுவதென்றாலும் வனவளத் திணைக்களம் வந்து நிற்கும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் எங்களுக்குத் தந்தது உள்வீதி, குப்பை, சந்தை, சுடலை, தெருவிளக்கு, நூலகம் மாதிரியான காரியங்கள். ஆய்வாளர் அரசாங்கம் என்று ஒரே ஆளை நினைத்து எழுதுகிறார். வன்னியில் அரசாங்கம் பத்து ஆள், பத்துப் பேரும் பத்து வீட்டில்.

மாகாண சபை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் ஒரு தேர்தல் நடந்தது, 2018 ஒக்ரோபரில் அதன் காலம் முடிந்தது. பிறகு தேர்தலே வைக்கவில்லை, ஆளுநர்தான். ஆய்வை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதே அங்கு முதல் கேள்வி.

சரி, கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் வைகாசிக்குப் பிறகு கிணறுகள் இறங்கத் தொடங்கும். ஆடி, ஆவணியில் சபை பவுசரில், அதாவது தண்ணீர்த் தாங்கி லொறியில், தண்ணீர் கொடுக்கும். எந்த ஊருக்கு எந்த நாள் என்பதை எப்படித் தீர்மானித்தோம் தெரியுமா? எல்லா வட்டாரத்துக்கும் சமனாகப் பங்கு. கேட்க நியாயமாக இருக்கும். உறுப்பினர் ஒருவரும் சத்தம் போடமாட்டார். ஆனால் ஒரு ஊரில் பவுசர் வந்தால் தென்னைக்கு ஊற்றுவார்கள். இன்னொரு ஊரில் பிள்ளைகள் முகம் கழுவாமல் பள்ளிக்கூடம் போகும்.

2019இல் ஒரு நிறுவனம் எங்கள் பிரதேசத்தில் நீர் பற்றி ஆய்வு செய்து முடித்து, வவுனியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் வெளியீடு வைத்தது. போனேன். உண்மையைச் சொன்னால் மத்தியானச் சாப்பாடு நல்லது என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். திரையில் படம் போட்டு 'ஒருங்கிணைந்த நீர்வள முகாமைத்துவம்' என்று ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார்கள். ஒன்றும் ஏறவில்லை. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். ஏ.எல். எடுத்துவிட்டு வீட்டில் இருந்த அக்காவின் மகள் அதைப் புரட்டிக்கொண்டு இருந்தவள், "சித்தி, கடைசியில ஊர் பேர் எல்லாம் கிடக்கு" என்றாள்.

பின்னிணைப்பு. ஒரு பக்க அட்டவணை. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் தெரிந்தெடுத்த கிணறுகளில் மாதாமாதம் எத்தனை அடி தண்ணீர் என்று அளந்து போட்டிருந்தார்கள். நான்கு ஊர்களின் வரிசையில் ஆனி மாதத்திலேயே சைபர். வேறு சில ஊர்களில் புரட்டாதியிலும் ஐந்து, ஆறு அடி. நாங்கள் பவுசர் ஓட்டத் தொடங்கியது ஆடி நடுப்பகுதியில், அதுவும் எல்லோருக்கும் ஒரே நாளில். அறிக்கையின் பரிந்துரைப் பகுதியில் பவுசர் என்ற சொல்லே இல்லை. அளந்தவர்களுக்கே அந்தப் பக்கத்தின் பெறுமதி தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அதைத் தமிழில் எழுதிக்கொண்டு நானும் அவளும் ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போனோம். பழைய வேலைதானே, வீட்டுக்கு வீடு கேட்பது எனக்குப் புதிதில்லை. அட்டவணை பெரும்பாலும் சரி. ஓர் ஊரில் மட்டும் பிழை. அங்கே அளந்தது பள்ளிக்கூடக் கிணறு, ஆழமானது, வற்றாது. அதைச் சுற்றியிருந்த வீட்டுக் கிணறுகளில் வாளி சேற்றில்தான் விழுந்தது. அந்த ஊரையும் சேர்த்து ஐந்தாக்கினேன். (ஆய்வு செய்கிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாகனத்திலிருந்து இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கிணறு ஊர்க் கிணறு ஆகாது.)

அடுத்த அமர்வில் பிரேரணை கொண்டுவந்தேன்: ஐந்து ஊர்களுக்கு ஆனி தொடக்கமே பவுசர், மற்ற ஊர்களுக்குத் தேவை வரும்போது. சபை கொதித்தது. ஒரு மூத்த உறுப்பினர் எழும்பி, "தங்கச்சி, உமக்கு வட்டாரமே இல்லை. உமக்கென்ன பவுசர் கதை?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வரப் பார்த்தது. ஆனால் அவர் சொன்னதே வழியைத் திறந்தது. "ஓம் அண்ணை, எனக்கு வட்டாரம் இல்லை. அந்த ஐந்தில் என்ரை ஊரும் இல்லை. எனக்கு வோட்டும் இதில் இல்லை" என்றேன். பிறகு ஒற்றைத் தாளை எல்லோருக்கும் கொடுத்தேன். ஒவ்வொருவரும் முதலில் தன் ஊரைத் தேடினார். தேடினால் பக்கத்து ஊரும் கண்ணில் படும்தானே. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த மூத்த உறுப்பினரின் தங்கை கட்டிப்போன ஊர் அந்த ஐந்தில் ஒன்று என்பதை நான் சத்தியமாக முன்கூட்டி அறியவில்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும்.

நிறைவேறியது. உடனே ஓடியதா? இல்லை. அந்த வருடத்து பாதீட்டில் டீசலுக்கு ஒதுக்கிய காசு அவ்வளவுதான். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அனுமதி எடுத்து முடிக்க மழை வந்துவிடும் என்று செயலாளர் சொன்னார். அதில் நியாயம் இருந்தது. ஆகவே அடுத்த வருடத்துப் பாதீட்டில் தனி வரியாகப் போட்டோம். 2020இல் கொரோனா ஊரடங்குக்குப் பிறகு ஆனியில் பவுசர் ஓடியது. ஐந்து ஊருக்கும் நான் நேரே போய்ப் பார்த்தேன். 2021இலும் ஓடியது. 2022இல் நாட்டிலேயே டீசல் இல்லை. அட்டவணை என்ன செய்யும்?

இதைப் படித்துவிட்டு, "ஒரு பவுசர் ஓட்டத்தை மாற்றியதா கொள்கை?" என்று யாராவது படித்தவர் கீழே எழுதுவார் என்று தெரியும். எங்கள் சபையில் 'நிதி மற்றும் கொள்கை உருவாக்கக் குழு' என்றே ஒரு குழு இருந்தது. அதன் கூட்டங்களில் நாங்கள் கதைத்தது முக்கால்வாசி டீசலும் மதகும்தான். நான் ஓ.எல். வரை படித்தவள், கொள்கை என்பதற்கு வேறு அர்த்தம் இருந்தால் சொல்லித் தாருங்கள்.

நிபுணர் கணக்கை ஊர் ஏற்காத பெரிய உதாரணமும் உண்டு. கிளிநொச்சி இரணைமடுக் குளம். யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் கடன் ஒத்துக்கொண்டது. குளத்தின் அணையை உயர்த்தினால் வயலுக்கும் குழாய்க்கும் போதும் என்பது நிபுணர் கணக்கு. கிளிநொச்சி விவசாயிகள் ஒத்துக்கொள்ளவில்லை. மாகாண சபையும் அதற்குள் இழுபட்டது. கடைசியில் தாளையடியில் கடல் தண்ணீரை நன்னீராக்கும் நிலையம் வந்தது. 2024 ஆகஸ்ட்டில் திறந்தார்கள், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். யாழ்ப்பாணத்து உறவுகள் கோபிக்க வேண்டாம், எனக்குச் சாவகச்சேரியில் சம்பந்தி வீடு இருக்கிறது. நான் யார் சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த விவசாயிகள் கணக்குத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். வருடாவருடம் சிறுபோகக் (கோடைக்கால நெற்செய்கை) கூட்டம் நடக்கும். அரச அதிபர் இருப்பார், நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி என்று சொல்வார், கமக்கார அமைப்புகள் அதை வைத்து எத்தனை ஏக்கர் விதைப்பது என்று சண்டை பிடித்துப் பங்கு பிரிக்கும். அடி குறைந்தால் ஏக்கரும் குறையும். தன் வயல் தரிசாகக் கிடக்கப் போகிறது என்று தெரிந்தும் ஒத்துக்கொண்டு எழும்பிப் போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த எண்ணை அவர்கள் ஏன் நம்புகிறார்கள்? விரும்பினால் அன்று பின்னேரமே சைக்கிளில் போய் அளவுகோலைப் பார்க்கலாம். 'சராசரி உள்வரவு' என்று அறிக்கையில் போட்டால் அதை எங்கே போய்ப் பார்ப்பது? வறட்சி வருடத்துச் சிறுபோகத்தைச் சராசரி கொண்டு விதைக்க முடியாது.

சரியான எண் பிழையான வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நுண்கடன். எங்கள் பெண்கள் கிழமைக்கு மூன்று கடன் கட்டிக்கொண்டிருந்த நேரம் சபையில் தீர்மானம் எடுத்தோம். கைதட்டினோம். ஒரு மாற்றமும் இல்லை, வட்டியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கொழும்பில். 2018இல் நிதி அமைச்சு வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. அதற்குப் பின்னால் வீதியில் நின்ற பெண்களும் இருந்தார்கள், கணக்கெடுத்து எழுதிய ஆய்வாளர்களும் இருந்தார்கள். எங்கள் தீர்மானம் அதில் எத்தனையாம் பங்கு என்று கேட்டால் சிரிப்பேன்.

எழுதுவதென்று வந்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்தில் ஒரு ஆய்வும் இல்லாமல், ஒரே அமர்வில், ஏகமனதாக எடுத்த தீர்மானம் கட்டாக்காலி மாடு பிடிப்பது. ஏ9 வீதியில் இரவில் மாடு படுத்துக் கிடந்து எத்தனை விபத்து என்று ஊருக்கே தெரியும். பிடித்து அடைத்துத் தண்டம் அறவிட்டோம். முதல் கிழமையே பிடிபட்டதில் இரண்டு என் சித்தப்பாவின் மாடுகள். நான் சொல்லித்தான் பிடித்தார்கள் என்று அவர் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. மகளின் சாமத்திய வீட்டுக்கும் வரவில்லை. பவுசர் விஷயத்தில் ஐந்து ஊர்ச் சனம் எனக்கு நன்றி சொன்னதாக நினைவில்லை. மாட்டு விஷயத்தை ஒருவரும் மறக்கவில்லை.

சபைக்குப் புதிய ஆட்கள் வந்தார்கள், 2025 மே மாதத் தேர்தலில். நான் போட்டியிடவில்லை. அண்மையில் பவுசர் சாரதித் தம்பியைச் சந்தையில் கண்டேன். "அக்கா, அந்தத் தாள் கிழிஞ்சு போச்சு, வேற ஒண்டு இருக்கே?" என்று கேட்டான். முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வைத்திருந்தானாம். அக்காவின் மகள் இப்போது கனடாவில். அவளிடம் கேட்டு வாட்ஸப்பில் எடுத்து அனுப்பினேன். ஆனால் அது 2019 அறிக்கையில் வந்தது. அதற்குப் பிறகு எத்தனை குழாய்க் கிணறு அடித்துவிட்டார்கள்.

ஆகவே, தம்பியோ தங்கச்சியோ, உங்கள் ஆய்வு தண்ணீர் பற்றியது என்றால் அந்தக் கிணறுகளைத் திரும்ப அளந்து தாருங்கள். வீட்டுக் கிணறுகள், பள்ளிக்கூடக் கிணறு இல்லை. தமிழில் ஒரு பக்கம் போதும். சபைக்கு ஆவணிக்குள் கொண்டுபோங்கள், பாதீட்டு வேலை அதற்குப் பிறகு தொடங்கிவிடும். செயலாளரிடம் மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள், சாரதியிடமும் ஒன்று கொடுங்கள்.