குடுவையில் குறைந்த தாமிரம் எங்கே போனது?

கேள்வி: குளோரெல்லா என்னும் நன்னீர்ப் பாசியை பிஜி-11 வளர்ப்புக் கரைசலில் வளர்த்து, அதில் சிறிதளவு தாமிர சல்பேட் சேர்த்தேன். பத்தாம் நாள் நீரில் இருந்த தாமிரம் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. பாசி அதை உறிஞ்சிவிட்டது என்று ஆய்வேட்டில் எழுதலாமா? (முதுநிலைத் தாவரவியல் மாணவி ஒருவர்)

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். நீரில் தாமிரம் குறைந்தது நீங்கள் அளந்தது. பாசி உறிஞ்சியது என்பது உங்கள் ஊகம். வெளிச்சத்தில் வளரும் பாசி, கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டே போவதால் நீரின் பிஎச் (அமில-கார அளவு) 9-ஐத் தாண்டி, நீர் காரமாவதும் உண்டு. அந்நிலையில் தாமிரம் ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் வீழ்படிவாகும். வடிகட்டும்போது அந்தப் படிவும் பாசியோடு வடிதாளில் நின்றுவிடுவதால், எல்லாமே பாசிக்குள் இருந்ததுபோலத் தோன்றும். கண்ணாடிச் சுவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்துவைக்கும்.

ஆகவே பாசியில்லாத குடுவை ஒன்றை அதே கரைசல், அதே தாமிரம், அதே வெளிச்சத்தில் வையுங்கள். இதைப் பலரும் செய்கிறார்கள். ஆனால் அதன் பிஎச்-ஐ நாள்தோறும் பாசிக் குடுவையின் அளவுக்கு உயர்த்தி வைப்பவர்கள் குறைவு. அதைச் செய்யாவிட்டால் ஒப்பீடு பெயரளவில்தான் இருக்கும்.

அடுத்தது, பாசியிடம் உள்ள தாமிரமும் இருவகை. செல்சுவரின் கார்பாக்சில் தொகுதிகள் தாமிர அயனிகளைச் சில நிமிடங்களிலேயே பற்றிக்கொள்ளும்; இதற்கு உயிர்கூடத் தேவையில்லை, கொதிக்கவைத்துக் கொன்ற பாசியும் இதைச் செய்யும். செல்லுக்குள் நுழைவதோ மெதுவாக நடப்பது. பாசியை இடிடிஏ என்னும், உலோக அயனிகளைக் கட்டிப் பிடிக்கும் வேதிப்பொருளின் கரைசலில் கழுவினால் சுவரில் ஒட்டியது கழுவுநீரில் வந்துவிடும். எஞ்சிய பாசியை நைட்ரிக் அமிலத்தில் செரித்து (முழுதும் கரைத்து) அளந்தால் உள்ளே சென்றது தெரியும். பிஜி-11 கரைசலிலேயே சிறிது இடிடிஏவும் சிட்ரிக் அமிலமும் உள்ளன என்பதையும், அவை தாமிரத்தின் ஒரு பகுதியைக் கட்டிவைத்து அதன் நச்சுத்தன்மையையும் உறிஞ்சப்படும் அளவையும் மாற்றக்கூடும் என்பதையும் ஆய்வேட்டில் குறிப்பிடுங்கள்.

பத்தாம் நாளின் ஒரே அளவீட்டை மட்டும் நம்ப வேண்டாம். குளங்களில் பாசியை ஒழிக்கப் போடுவதே தாமிர சல்பேட்தான். அளவு மிஞ்சினால் செல்கள் இறந்து சிதைந்து, உள்ளே பிடித்துவைத்த தாமிரத்தைத் திரும்ப நீரில் விட்டுவிடக்கூடும். முதல் ஒரு மணி நேரத்தில் சில மாதிரிகள், பிறகு நாளுக்கு ஒன்று என எடுத்து, ஒவ்வொரு முறையும் செல்களை எண்ணி, தாமிரத்தை உலர்எடை கிராமுக்கு இவ்வளவு என்று கணக்கிடுங்கள்.